மனோரஞ்சிதம் விற்ற வீடு குளிருதாம்

பாரிஸ் லா சப்பலில் இருபது வருசம் இருந்து ஆயிரம் பிளவுஸ் தைத்துக் கொடுத்தாலும் உங்களைப் பற்றி ஒருத்தரும் ஒரு நல்ல சொல் சொல்லமாட்டார்கள். ஒரு வீட்டை விற்றுப் பாருங்கள். அந்த வீடு குளிருதாம் என்று ஒருத்தி வாயைத் திறக்கட்டும். அடுத்த மெத்ரோ வருவதற்குள் மீன்கடைக்காரர் முதல் கோயில் ஐயர் வரை உங்கள் பெயரை வாயில் போட்டு மெல்லத் தொடங்கிவிடுவார்கள். மனோரஞ்சிதத்துக்கு நடந்தது அதுதான்.

2010ஆம் ஆண்டு மார்கழி. பாரிஸ் முழுக்கப் பனி கொட்டிக் கிடந்த கிழமை. காய் வீதியில் இருந்த அவளுடைய தையல் கடைக்குள் ஒரு பெண் சப்பாத்துப் பனியை உதறிக்கொண்டு வந்தாள். வந்தவள் பிளவுஸைப் பற்றி அல்லவா முதலில் கேட்கவேண்டும்?

“என்னக்கா, நீங்கள் வித்த வீடு குளிருதாமே? சிவமணி அக்கா கோட்டுப் போட்டுக்கொண்டுதானாம் சமைக்கிறா. கார்த்திகை விளக்கீட்டண்டு வீட்டுக்குள்ளை தண்ணி உறைஞ்சு போச்சாம்!”

“தண்ணி உறைஞ்சதோ? ஏன், மீன் பிடிக்கேல்லையாமோ அதுக்குள்ளை?” என்று மனோரஞ்சிதம் வெடுக்கென்று கேட்டாள். கேட்டுவிட்டாளே தவிர, பிளவுஸ் அளவை இரண்டு தரம் பிழையாக எடுத்தாள்.

பாரிசுக்கு வெளியே பியர்ஃபித்தில் இருந்த அந்த வீட்டில் அவள் பன்னிரண்டு வருசம் இருந்தவள். வீடு முழுக்கச் சூடாக்குகிற எரிவாயுப் பெட்டி ஒன்று சமைக்கிற குசினியில் உண்டு. நம் சனம் அதைச் சொஃபாஜ் என்று சொல்லும். மனோரஞ்சிதத்தின் சொஃபாஜ் ஒரு நாளும் முரண்டு பிடித்ததில்லை. மாசி மாதத்துக் குளிரிலும் அவள் பருத்திச் சேலையோடு வீட்டுக்குள் நடந்து திரிந்தவள். கணவர் போய்ச் சேர்ந்து, மகன் லண்டனில் வேலை என்று கிளம்பிய பிறகு, அத்தனை படிகளை ஏறி இறங்க அவளுடைய முழங்கால் ஒத்துவரவில்லை. கடைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறையும் குசினியும் போதும் என்று தீர்மானித்து, வீட்டை விற்றாள். வேறு யாருக்கும் இல்லை, தன் உயிர்ச் சிநேகிதி சிவமணிக்கு விற்றாள். வீடு கையை விட்டுப் போகாமல் கைக்குள்ளேயே இருக்கும் என்ற ஆசை அவளுக்கு.

சிவமணிக்கு எதிர்ப்பக்கத்துச் சேலைக் கடையில் காசாளர் வேலை. இருவரும் ஒரே வருசம் பாரிசுக்கு வந்தவர்கள். பத்தொன்பது வருசமாக, பின்னேரம் நாலு மணியானால் சிவமணி பால் விடாத பிளேன்ரீ இரண்டு கோப்பையை ஏந்திக்கொண்டு வீதியைக் கடந்து வந்துவிடுவாள். அரைமணி நேரம் ஊர் உலகத்தை இருவரும் அலசிக் காயப்போடுவார்கள். ஆடி மாதம் பத்திரம் எழுதுகிற நொத்தேரிடம் போய் வீடு கைமாறக் கையெழுத்து வைத்த அன்றும் நாலு மணிக்குப் பிளேன்ரீ வந்தது. தீபாவளி கழிந்து கந்தசஷ்டி தொடங்கியபோது நின்றது. விரதகாலம், அதனால் வரவில்லை என்று மனோரஞ்சிதம் நினைத்தாள். விரதம் முடிந்து மூன்று கிழமையாகியும் ஆளைக் காணவில்லை. கண்ணாடிக்கு அப்பால் காசுப் பெட்டிக்குப் பின்னால் சிவமணி இருக்கிறாள், ஆனால் இந்தப் பக்கம் தலையைத் திருப்புகிறாள் இல்லை. அந்தக் கழுத்தை ஒரு முறுக்கு முறுக்கினால் என்ன என்று மனோரஞ்சிதத்துக்கு வந்தது. அதற்குப் பிறகு கொஞ்சம் அழுகையும் வந்தது.

விசயம் இப்போதுதான் விளங்கியது. வீடு குளிருதாம்.

அடுத்த நாள் தபால்காரன் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுக்கிற கடிதம் ஒன்று வந்தது. அதற்கு ரெக்கமாந்தே என்று பெயர். அந்தப் பெயரைக் கேட்டாலே நம் ஆட்களுக்குக் கையும் ஓடாது காலும் ஓடாது. மனோரஞ்சிதம் கடையைப் பூட்டிவிட்டு நேரே லூசியன் ஐயாவிடம் ஓடினாள்.

லூசியன் ஐயா புதுச்சேரிக்காரர். பிரெஞ்சு அரசாங்க அலுவலகத்தில் முப்பத்தைந்து வருசம் இருந்து ஓய்வு பெற்றவர். லா சப்பலில் யாருக்குப் பிரெஞ்சில் கடிதம் எழுதவேண்டும் என்றாலும், வாசிக்கவேண்டும் என்றாலும், மூலைக் கபேயில் ஜன்னலோர மேசையில் அவரைக் காணலாம். காசு வாங்கமாட்டார். ஒரு காப்பியும், நல்ல பிரெஞ்சு என்று ஒரு பாராட்டும் போதும். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடிதத்தை வாசித்தார். வாசிக்க வாசிக்க அவர் முகம் மலர்ந்துகொண்டே போனது.

“மதாம், எவ்வளவு அழகா எழுதியிருக்காங்க! இந்த மூணாவது பரா இருக்கே, கோர்ட்டுல வாதாடற ஒரு அவொக்காவால கூட இப்படி எழுத முடியாது.”

“ஐயா, அழகு கிடக்கட்டும். என்ன எழுதிக் கிடக்கு?”

“நீங்க வித்த வீட்டுல சொஃபாஜ் பழுதாம். அந்தப் பழுது உங்களுக்கு முன்னாடியே தெரியுமாம். தெரிஞ்சே மறைச்சு வித்தீங்களாம். மதாம் சிவமணியும் அவங்க வீட்டுக்காரர் புண்ணியமூர்த்தியும் கையெழுத்துப் போட்டிருக்காங்க.”

மனோரஞ்சிதம் கடிதத்தை அவர் கையிலிருந்து பறித்தாள். “தெரிஞ்சு மறைச்சனானாமோ? ஆரய்யா உந்தக் கடுதாசியை எழுதிக் குடுத்தது?”

லூசியன் ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நான்தான், மதாம்.”

“நீங்களோ!”

“சட்டம் அப்படி, மதாம். விக்கிறவங்களுக்குத் தெரியாத பழுதுக்கு அவங்க பொறுப்பில்லைன்னு உங்க பத்திரத்துலயே நொத்தேர் எழுதியிருக்கார். தெரிஞ்சே மறைச்சாங்கன்னு எழுதினாத்தான் லெத்ர் நிக்கும்.”

“அப்ப நான் மறைச்சனான் எண்டு நீங்கள் நம்புறியளோ?”

“நான் எங்க நம்பினேன்? நான் எழுதினேன். உங்களுக்கும் இப்பவே பதில் எழுதறேன். பாருங்க, அதைவிட நல்லா எழுதறேன்.”

எழுதினார். உண்மையாகவே அதைவிட நன்றாக எழுதினார். இரண்டு நாளில் அதே பதிலைப் புண்ணியமூர்த்தி அதே மேசைக்குக் கொண்டுவந்து நீட்டினார். லூசியன் ஐயா வாசித்துவிட்டு, “எதிர்த்தரப்பு பெரிய ஆளுங்களா இருக்காங்களே, முசியே,” என்று மெய்மறந்து தலையை ஆட்டினாராம். யேசு பிறந்த நத்தாரும் வருசப் பிறப்பும் போவதற்குள் இப்படி ஆறு கடிதங்கள் போய் வந்தன. அந்த ஆறையும் எழுதியவர், வாசித்தவர், ரசித்தவர் எல்லாம் ஒரே ஆள்தான். இந்தக் கோமாளித்தனத்தை நினைத்தால் மனோரஞ்சிதத்துக்குச் சிரிப்பு வரும். சொல்லிச் சிரிக்கத்தான் ஆள் இல்லை. சொல்ல வேண்டியவள் எதிர்க் கடையில் கழுத்தைத் திருப்பிக்கொண்டு இருக்கிறாள்.

வீடு குளிர்ந்தால் குளிரட்டும், வழக்கு என்றால் வழக்கு வரட்டும். அவளைத் தின்றது அந்த ஒரே ஒரு வசனம்தான். தெரிந்தே மறைத்தாள். பத்தொன்பது வருசம் பழகியவள் அதன் கீழே கையெழுத்து வைத்திருக்கிறாள். அந்தச் சிவமணி இல்லாமல் இனி எந்தப் பின்னேரம் விடியப்போகிறது?

இதற்கிடையில் பியர்ஃபித்தில் ஒரு கூத்து நடந்துகொண்டிருந்தது. புண்ணியமூர்த்தி மூன்று தடவை மெக்கானிக்கைக் கூப்பிட்டார். மூன்று தடவையும் மெக்கானிக் வந்து நின்றபோது வீடு தோசைக்கல்லாகச் சுட்டது. “இதில் ஒரு பழுதும் இல்லை” என்று அவன் எழுதிக் கொடுத்துவிட்டுப் போவான். போய் ஒரு மணி நேரத்தில் வீடு விறைக்கும். “வெள்ளைக்காரனைக் கண்டால் மட்டும் வேலை செய்யுது, தமிழனைக் கண்டால் நிண்டுபோகுது. அவ்வளவு தந்திரமாய் என்னவோ பூட்டி வைச்சுத்தான் வித்திருக்கிறா,” என்று புண்ணியமூர்த்தி தான் சமையல்காரராக இருந்த சாப்பாட்டுக் கடையில், கொத்துரொட்டி கொத்துகிற தாளத்தோடு எல்லோருக்கும் சொன்னார்.

கடைசியில் புண்ணியமூர்த்தியின் காப்புறுதிக்காரர்கள் ஒரு நிபுணரை அனுப்புவதாக முடிவானது. இரண்டு தரப்பும் வீட்டில் நிற்கவேண்டும், அவர் பார்த்து எழுதுவதுதான் முடிவு. தை மாதக் கடைசிச் செவ்வாய்க்கிழமை, பின்னேரம் மூன்று மணி.

மனோரஞ்சிதம் ரயிலேறிப் போனாள். தன் வீட்டு வாசலில் தானே மணியடித்து நிற்கிற கேவலத்தையும் அனுபவித்தாள். கதவைத் திறந்த சிவமணி அவளைப் பார்க்காமல் சுவரைப் பார்த்து, “வாங்கோ,” என்றாள். வாங்கோவாம்! பத்தொன்பது வருசம் வாடி போடி. ஒரு சொஃபாஜ் வந்து மரியாதை சொல்லிக்கொடுத்திருக்கிறது.

உள்ளே வீடு கதகதவென்று இருந்தது. நிபுணர் மதாம் இசபெல் ஒல்லியான மனுசி. வந்ததும் கம்பளிச் சால்வையைக் கழற்றினாள், பிறகு கோட்டைக் கழற்றினாள், பிறகு ஸ்வெட்டரையும் கழற்றினாள். லூசியன் ஐயா இரண்டு தரப்புக்கும் மொழிபெயர்ப்பாளர். புண்ணியமூர்த்தி பேசும்போது அவருக்குப் பக்கத்தில் போய் நின்றார். மனோரஞ்சிதம் பேசும்போது இந்தப் பக்கம் ஓடிவந்தார். மனுசன் மூச்சு வாங்க நடந்துகொண்டிருந்தார்.

வாசலுக்கு உள்ளே விறாந்தைச் சுவரில், மாடிப்படிக்குப் பக்கத்தில், புது மர மண்டபம் ஒன்று தொங்கியது. ஊரிலிருந்து கப்பலில் வந்து ஐப்பசியில்தான் இறங்கியதாம். உள்ளே சாமிப் படங்கள், முன்னால் சின்னத் திரை. மனோரஞ்சிதத்தின் காலத்தில் சாமி மேல்மாடி அறையில் இருந்தது. கீழே விறாந்தையில் இப்போதுதான் வந்திருக்கிறது. மண்டபத்துக்கு மேலே பிளாஸ்ரிக் மல்லிகை மாலை ஒன்று. மதாம் இசபெல் அந்த மாலையை விரலால் விலக்கி, அதற்குப் பின்னால் சுவரில் இருந்த வட்டத் திருகியைத் திருகினாள். வீடு போதிய அளவு சூடாகிவிட்டதா என்று பார்த்துச் சொஃபாஜுக்குச் சொல்கிற திருகி அது. ‘டக்’ என்றது. குசினியில் நெருப்பு ‘புஸ்’ என்று பற்றியது. எதிர்ப்பக்கம் திருகினாள், நின்றது. மறுபடி திருகினாள், பற்றியது. சொன்னபடி கேட்கும் நல்ல பிள்ளை.

“பழுது எதுவும் இல்லை. ஒருவேளை நீங்களே தெரியாமல் நிறுத்திவிடுகிறீர்களோ?” என்று கேட்டாள் மதாம் இசபெல். லூசியன் ஐயா அதை மொழிபெயர்த்தார். புண்ணியமூர்த்தியின் காது சிவந்தது. “அப்ப நாங்கள் விசரர் எண்டோ சொல்லுறா?” என்று கேட்டுவிட்டு, அதை மொழிபெயர்க்கவேண்டாம் என்றும் சொல்லிவிட்டு, வேலைக்கு நேரமாகிவிட்டது என்று ஜக்கெட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனார். மதாம் இசபெலும் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனாள். அவளுடைய காரில் இடம் கிடைத்ததால் லூசியன் ஐயாவும் போனார்.

வென்றது மனோரஞ்சிதம். வென்றவள் எழும்பிப் போகவேண்டியதுதானே? கால் வரவில்லை. சிவமணியும் போகச் சொல்லவில்லை. எவ்வளவு கோபமென்றாலும் வந்த ஆளுக்கு ஒரு வாய் பிளேன்ரீ கொடுக்காமல் அனுப்புகிற பழக்கம் எங்கள் சனத்துக்கு இல்லை. இரண்டு கோப்பைகளை விறாந்தை மேசையில் கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரே இருந்தாள். இருவரும் கோப்பையைப் பார்த்தார்கள். மனோரஞ்சிதத்தின் முதுகுக்குப் பின்னால் சூடாக்கும் தகடு சுகமாகச் சுட்டது.

மனோரஞ்சிதத்தால் அடக்கமுடியவில்லை. “நான் தெரிஞ்சு மறைச்சனானோ, சிவமணி? அப்பிடி எழுத உனக்கு எப்பிடியடி மனம் வந்தது?”

“எப்ப எழுதினனான்?”

“முதல் கடுதாசியிலை. மூண்டாவது பரா. லூசியன் ஐயா வாசிச்சவர்.”

சிவமணி வாயைப் பிளந்தாள். “எனக்குப் பிரெஞ்சு வாசிக்கத் தெரியுமோடி? சொஃபாஜ் வேலை செய்யேல்லை எண்டு எழுதினது, கையெழுத்து வை எண்டு இவர் நீட்டினார். வைச்சனான். ஐயோ முருகா! நீ மறைச்சனி எண்டு நான் கனவிலையும் நினைக்கேல்லை.”

“பிறகேன் கடைக்கு வரேல்லை?”

“என்னெண்டு வாறது? நீ ஆசையாய்த் தந்த வீடு. அது சரியில்லை எண்டு உன்ரை முகத்தைப் பாத்து என்னெண்டு சொல்லுறது? வெக்கமாய்க் கிடந்துது. பிறகு கடுதாசி போயிட்டுது. பிறகு இன்னும் வெக்கமாய்ப் போச்சு.”

மனோரஞ்சிதத்தின் நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கியது. வழக்கில் வென்றபோது வராத சந்தோசம் இப்போது பொங்கிக்கொண்டு வந்தது. எழும்பிக் கட்டிப்பிடிக்கலாம் என்று பார்த்தாள். அதற்குள் சிவமணி மணிக்கூட்டைப் பார்த்தாள். ஐந்து மணி.

“பொறு, விளக்கு வைச்சிட்டு வாறன்,” என்று குசினிக்குப் போய், கேக் சுடுகிற அவணைத் திறந்து, அதற்குள்ளிருந்து ஐந்து திரிக் குத்துவிளக்கு ஒன்றை வெளியே எடுத்தாள்.

“எடியே, விளக்கை ஏனடி அவணுக்குள்ளை வைச்சனி?”

“வேறை எங்கை ஒளிக்கிறது? வீட்டுக்குள்ளை நெருப்பு எரிக்கிறம் எண்டு காப்புறுதிக்காரருக்குத் தெரிஞ்சால் ஒரு சதமும் தரமாட்டினம் எண்டு இவருக்குப் பயம். வெள்ளைக்காரர் ஆர் வந்தாலும் விளக்கை ஒளிச்சுப்போட்டுத் திரையை இழுத்து விடுவம். மெக்கானிக் வந்த மூண்டு தரமும் இப்பிடித்தான்.”

சிவமணி திரையை விலக்கினாள். மாலைக்கு நேர் கீழே, மண்டபத் தட்டில் விளக்கை வைத்து, ஐந்து திரியையும் ஏற்றினாள். அது போதாதென்று பக்கத்தில் எட்டுச் சின்ன மண் சிட்டி விளக்குகளையும் வரிசையாக ஏற்றினாள். கந்தசஷ்டிக்கு ஒரு விளக்குத்தான் வைத்தாளாம். அன்று வீடு குளிரத் தொடங்கியது. முருகா, இந்த வீட்டைச் சூடாக்கித் தா என்று இரண்டாவது வைத்தாள். இன்னும் குளிர்ந்தது. மூன்றாவது வைத்தாள். விளக்கீட்டுக்கு மண்டபத்தைச் சுற்றி இருபத்தியேழு வைத்தாள். அன்றுதான் புண்ணியமூர்த்தி காலுறைக்கு மேல் காலுறை போட்டுக்கொண்டு படுத்தார்.

பிளேன்ரீயில் பாதி குடித்திருப்பார்கள். குசினியில் ‘டக்’ என்று ஒரு சத்தம். சொஃபாஜின் இரைச்சல் நின்றது. கொஞ்ச நேரத்தில் மனோரஞ்சிதத்தின் முதுகுக்குப் பின்னால் இருந்த சூடு மெல்ல மெல்ல இறங்கியது.

“பாத்தியே! பாத்தியே!” என்று சிவமணி துள்ளி எழும்பினாள். “வெள்ளைக்காரி போனவுடனை நிண்டிட்டுது! நான் பொய்யே சொன்னனான்?”

மனோரஞ்சிதம் சொஃபாஜைப் பார்க்கவில்லை. விளக்கைப் பார்த்தாள். பதின்மூன்று சுடரும் நிமிர்ந்து எரிந்தன. அவற்றின் சூடு நேரே மேலே ஏறியது. பிளாஸ்ரிக் மல்லிகை அந்தச் சூட்டில் மெல்ல ஆடியது. மல்லிகைக்குப் பின்னால், வட்டத் திருகி.

முதலில் அவளுக்கு ஒரு விக்கல் வந்தது. பிறகு சிரிப்பு வந்தது. நிறுத்தமுடியாத சிரிப்பு. கதிரையில் இருக்கமுடியாமல் நிலத்தில் இறங்கி இருந்துகொண்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

“என்னடி, விசர் பிடிச்சிட்டுதோ? நான் குளிரிலை சாகிறன், உனக்குச் சிரிப்போ?”

மனோரஞ்சிதத்தால் பேசமுடியவில்லை. கையால் காட்டினாள். விளக்கு. மேலே திருகி. திரும்பவும் விளக்கு. கடைசியில் ஒரு மாதிரி மூச்சைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: “நீ திருகிக்குக் கீழை நெருப்பை வைச்சிருக்கிறாய். வீடு கொதிக்குது எண்டு அது நினைக்குது. போதும் எண்டு சொஃபாஜை நிப்பாட்டுது. நீ சூடு வேணும் எண்டு இன்னுமொரு விளக்கு வைக்கிறாய். அது, ஐயையோ இன்னும் கொதிக்குது எண்டு நினைக்குது!”

சிவமணி நம்பவில்லை. ஏற்றிய விளக்கை உடனே நூர்த்து அணைக்கவும் மனமில்லை. ஆகவே இருவருமாக ஒன்பது விளக்குகளையும் பக்குவமாகத் தூக்கிக்கொண்டுபோய் மாடிப்படியில் வைத்தார்கள். காத்திருந்தார்கள். ஐந்து நிமிசம், பத்து நிமிசம். ‘டக்’. ‘புஸ்’. சொஃபாஜ் பற்றியது. சிவமணி ஒரு கூச்சல் போட்டாள். திரும்பவும் தூக்கிக்கொண்டுவந்து மண்டபத்தில் வைத்தார்கள். ‘டக்’, நின்றது. படிக்கு, பற்றியது. மண்டபத்துக்கு, நின்றது. ஐம்பது வயதைத் தாண்டிய இரண்டு பெண்கள், ஒருத்திக்கு முழங்கால் வருத்தம், மற்றவளுக்கு இடுப்புப் பிடிப்பு. விளக்கும் கையுமாக இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடி ஓடிச் சிரித்தார்கள். சேலையில் எண்ணெய் கொட்டியதைப் பற்றி ஒருத்தியும் கவலைப்படவில்லை.

சிரித்து ஓய்ந்த பிறகுதான் சிவமணிக்குப் புருசனின் நினைவு வந்தது. முகம் விழுந்துவிட்டது.

“இவருக்கு என்னெண்டு சொல்லுறது? லா சப்பல் முழுக்கச் சொல்லி வைச்சிருக்கிறார். பிழை எங்கடை விளக்கிலை எண்டு தெரிஞ்சால் சாப்பாட்டுக் கடையிலை இருக்கவிடுவினமோ? சாகும்வரைக்கும் பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிடுவினம். மனுசன் கோயிலுக்கும் போகாது.”

மனோரஞ்சிதத்துக்கு அப்போது தலைகால் தெரியாத சந்தோசம். அந்தச் சந்தோசத்தில் என்ன கேட்டாலும் கொடுத்திருப்பாள். “நான் ஆள் விட்டுத் திருத்தினனான் எண்டு சொல்லு. ஒரு சாமான் பழுது, மாத்தியாச்சு. நீ சாமியை மேல்மாடிக்கு ஏத்திப்போடு. கதை முடிஞ்சுது.”

“அப்பிடிச் சொன்னால் பழுது இருந்தது உனக்குத் தெரியும் எண்டெல்லோ ஆகும்?”

“ஆகட்டும். நீ நாளைக்கு நாலு மணிக்கு வா. எனக்கு அது போதும்.”

சிவமணி வந்தாள். அடுத்த நாளும், அதற்கு அடுத்த நாளும் வந்தாள். மூன்று மாதக் கதை மிச்சம் கிடந்தது. அரைமணி நேரம் போதாமல் ஒரு மணி நேரம் இருந்து கதைத்தார்கள். பியர்ஃபித்தில் சாமி மாடியேறினார், வீடு கொதித்தது. லூசியன் ஐயா இரண்டு தரப்புக்குமாக ஒரே கடிதத்தில் சமாதானம் எழுதி, இதுவரை எழுதியதில் இதுதான் சிறந்தது என்றார். எல்லாம் நல்லபடி முடிந்தது என்றுதான் மனோரஞ்சிதம் நினைத்தாள்.

ஆனால் லா சப்பலுக்கு வாய் ஓயுமா? “ஒரு ரெக்கமாந்தே போட்டவுடனை ஓடிவந்து திருத்திப்போட்டா. முதலே தெரியாமலோ இவ்வளவு வேகமாய்த் திருத்தினவ?” என்று புண்ணியமூர்த்தி கொத்துரொட்டித் தட்டில் தாளம் போட்டார். கேட்டவர்கள் மிச்சத்தைச் சேர்த்துக்கொண்டார்கள். சிநேகிதியையே ஏமாற்றினவளாம். கோயிலில் இரண்டு பெண்கள் அவளைக் கண்டதும் கதையை நிறுத்தினார்கள். மனோரஞ்சிதம் பார்த்தும் பார்க்காத மாதிரி நடந்தாள். வலித்தது. நாலு மணி வந்தால் மறந்துபோகும் என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டாள்.

மாசி மாதம், ஒரு சனிக்கிழமை. கடை நிறையச் சனம். வாடிக்கைக்காரி இம்மாகுலேற் தன் மகளின் கலியாணத்துக்குப் பதினொரு பிளவுஸுக்கான துணியைப் போன கிழமையே கொடுத்திருந்தாள். திரான்சியில் இருந்து வந்தவள் இன்னும் கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

“மனோ அக்கா, கோவிக்காதேங்கோ. அந்தத் துணியைத் திருப்பித் தாங்கோ. வீட்டிலை பழுதை மறைச்சு வித்தவை துணியிலை என்னத்தை மறைப்பினமோ எண்டு என்ரை மச்சாள் கேக்கிறா. கலியாண விசயம், அதுதான்.”

மனோரஞ்சிதம் குனிந்து அலுமாரியின் கீழ்த் தட்டிலிருந்து துணிப் பொட்டலத்தை எடுத்தாள். பொட்டலத்தின் முடிச்சைச் சும்மா அவிழ்த்து மறுபடியும் கட்டினாள்.

மூலையில் பிளேன்ரீயோடு இருந்த சிவமணி எழும்பினாள். அந்த நேரம் பார்த்து, அவளைக் கூட்டிப்போக வந்த புண்ணியமூர்த்தி மரக்கறிப் பையோடு கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தார். சிவமணி அவரைப் பார்த்தாள். பார்த்தபடியே வாயைத் திறந்தாள்.

“இம்மாகுலேற், துணியை வை. வீட்டிலை ஒரு பழுதும் இருக்கேல்லை. பழுது நான்தான்.”

அவள் சொல்லத் தொடங்கினாள். சொல்லும்போதே எல்லாவற்றையும் நடித்தும் காட்டினாள். அவணுக்குள் ஒளித்த விளக்கு. குளிரக் குளிர ஏற்றிய விளக்கு. இருபத்தியேழு சுடருக்கு முன்னால் காலுறைக்கு மேல் காலுறையோடு படுத்த மனுசன். முதலில் ஒரு கிழவி ‘க்ளுக்’ என்றாள். பிறகு கடை முழுக்க வெடித்தது. ஒருத்தி தையல் மிஷினில் சாய்ந்துவிட்டாள். இம்மாகுலேற் கோட்டுக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

புண்ணியமூர்த்தி மட்டும் சிரிக்கவில்லை. முகம் மிளகாய்ப்பழமாகச் சிவந்திருந்தது. “ஏனப்பா, உந்தக் கதையை இத்தினை பேருக்கு முன்னாலை சொல்லவேணுமோ? எல்லாம்தானே முடிஞ்சுது? வீடும் சூடாய்க் கிடக்கு. வாயை வைச்சுக்கொண்டு சும்மா இருந்திருக்கலாமெல்லோ!”

சிவமணி சிரிப்பை நிறுத்தினாள். அவளோடு கடையும் நிறுத்தியது.

“அவ வித்தது வீட்டை,” என்றாள். “நான் அவவை வித்துப்போட்டு அதுக்குள்ளை இருந்து சூடு காயமாட்டன்.”

புண்ணியமூர்த்தி மரக்கறிப் பையைக் கீழே வைத்தார். எங்கே பார்ப்பதென்று தெரியாமல் மனோரஞ்சிதத்தைப் பார்த்தார். “தங்கச்சி,” என்றார். பிறகு, “நான் கதைச்சது பிழை,” என்றார்.

மனோரஞ்சிதம் இத்தனை மாதமும் ஒருத்தர் முன்னாலும் அழாதவள். இப்போது இத்தனை பேருக்கு நடுவில், பதினொரு பிளவுஸ் துணியையும் மார்போடு அணைத்துக்கொண்டு, வெக்கமில்லாமல் சத்தம் போட்டு அழுதாள்.